மலை தெரிந்த படம்

போன் இருந்தால் என் கை சும்மா இருக்காது. அது தெரிந்துதான் தோழி கல்யாணம் நடக்கும் இடத்தை என்னிடம் கடைசியாகச் சொன்னாள். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஒரு நண்பரின் மொட்டை மாடி. அவளும் மாப்பிள்ளையும் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள். வேறு வேறு சாதி. "உங்களச் சேத்துப் பாத்தா ரெண்டு பேரையும் வெட்டிடுவேன்" என்று அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தான். பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவன்.

காலை பத்து மணிக்கு நாங்கள் இருபது பேர் கூடியிருந்தோம். ஐயர் இல்லை, மேளம் இல்லை. பைக்கில் கொண்டுவந்ததில் மாப்பிள்ளையின் மாலை பாதி உதிர்ந்துவிட்டது. "இப்பவே மொட்டையாயிட்டியேடா" என்று கேலி செய்தார்கள். ஒருத்தி போனில் நாதஸ்வரம் போட்டாள். நடுவில் நாப்கின் விளம்பரம் வந்தது. மணப்பெண் சிரித்த சிரிப்பில் கண்மை கரைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டேன். முகம் தெரியாமல் இருவரின் கைகளை மட்டும் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். பின்னால் மலை. இந்த மலை பக்கத்துக்குப் பக்கம் வேறு முகம் காட்டும்; கிரிவலம் நடந்து பழகியவர்கள் அதைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அழிக்கப் போனேன். பார்த்தவர்கள் பட்டியலில் அவளுடைய அண்ணன் பெயர் இருந்தது.

படத்தை அழித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இவர்கள் சிரிப்பு நின்றுவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், திட்டு வாங்கப் பயம். தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் கைப்பிடிச் சுவருக்கு ஓடினேன். தாலி கட்டும்போது எல்லோரும் கத்திக்கொண்டு பூ போட்டார்கள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர்த்தோழி கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை.

அப்போது, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்துவிட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது தோழியின் அம்மா, தனியாக. படியில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன்.

"தாலி கட்டியாச்சா?"

"இப்பதாம்மா."

"சரி, உடனே கிளம்புங்க. பையன் படத்தக் காட்டி இது எந்தப் பக்கம்மானு கேட்டான். மலையப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அவன் என்னிக்குக் கிரிவலம் நடந்தான்? ஆசிரமத்துப் பக்கம்னு சொல்லி அனுப்பிட்டேன். அங்க மாடி மாடியா தேடினு இருப்பான். ஆனா கூட நாலு பேர் போயிருக்கானுங்க. எவனாச்சும் சொல்லிடுவான். அவனுங்க இருக்கற செங்கம் ரோட்டுக்குப் போவாதீங்க. காஞ்சி ரோட்டப் புடிங்க."

"மேல வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்கம்மா."

"வேணாம். பாத்தா எனக்குக் கால் நவுராது. சாப்ட்டாளா அவ?"

இல்லை என்றேன். "கையில கட்டிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

மேலே ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். யாருக்கும் என்னைத் திட்டக்கூட நேரமில்லை. ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளை, பெண், நான் மூவரும் நண்பரின் காரில் இருந்தோம். காஞ்சி ரோட்டில் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் தலையைக் குனிந்துகொண்டோம்.

ஊர் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் மாப்பிள்ளை மூச்சு விட்டான். "தப்பிச்சோம்டி" என்று அவள் கையைப் பிடித்தான். அவள் மடியில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"நாம தப்பிச்சிட்டோம்" என்றாள். "அம்மா அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போயிருப்பாங்க?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அண்ணன் வீடு திரும்ப இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.