ஆவடிக்கு வந்த கடல் ஆமை

கடலைக் காப்பாற்றச் சொல்லி ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் தொழில். எனக்கு ஒதுக்கியிருக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது.

யாரும் கேட்காத விஷயத்தை, கேட்க விரும்பாதவர்களிடம் போய்ச் சொல்லிப் பிழைப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, கணக்கெடுப்புக்குப் போகும் ஆசிரியர்களே, சொட்டு மருந்துப் பெட்டியோடு கதவு தட்டும் சகோதரிகளே, நானும் உங்கள் இனம்தான். உங்களையாவது சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். எனக்கு அதுவும் கிடையாது. என்னோடு ஆமை வருகிறது.

எங்கள் அணியில் நான், லோடு ஆட்டோ ஓட்டும் பூந்தமல்லி முபாரக், ஒரு ஃபைபர் ஆமை, அவ்வளவுதான். முட்டையிடக் கரைக்கு வருமே பங்குனி ஆமை, அதன் அசல் அளவு, அசல் நிறம். ஏற்றி இறக்கியதில் முதுகில் இரண்டு இடத்தில் விரிசல். முபாரக் அதைப் பழைய போர்வையில் சுற்றித்தான் எடுத்து வருவார்; இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது யாராவது பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களாம்.

வலை வந்த கதை

கூவம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். போன கோடையில் அங்கே ஒரு கூட்டத்தில் பேச அனுப்பினார்கள். மீன் பிடிப்பவர்களுக்கே கடலைப் பற்றிப் பாடம் எடுக்கப் போன என் தைரியத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏழுமலை என்பவர் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைத் தன் படகுக்குக் கூட்டிப்போய் வலையைக் காட்டினார். பால் கவர், ஷாம்பூ பாக்கெட், டயபர், ஒற்றைச் செருப்பு. மழை முடிந்து ஒரு மாதத்துக்கு மீனுக்குப் பதில் இதுதான் தனக்குப் பாடு என்றார். பாரம் தாங்காமல் வலை கிழியும். அதை உட்கார்ந்து பின்னும் நாட்களில் அவர் கடலுக்குப் போக முடியாது.

நான் எந்தப் பக்கம் வேலை செய்கிறேன் என்று கேட்டார். ஆவடி சேக்காடு என்றேன். அங்கே ஒரு கால்வாய் இருக்கிறது, அதில் போடுவதெல்லாம் கூவத்துக்கு வந்து, கூவம் வழியாக இவர் வலைக்குத்தான் வருகிறது என்றும் சொன்னேன். கால்வாய் எவ்வளவு அகலம் என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. பழைய வலைகளை இரண்டு மடிப்பாகச் சேர்த்துத் தைத்து, மேலே மிதவை கட்டி, ஒரு தடுப்பு வலை செய்து வைத்திருந்தார். கால்வாயின் குறுக்கே கட்டிவிட்டால் தண்ணீர் அடியில் போய்விடும், மிதந்து வருவது மட்டும் நிற்கும். மழைக்கு முன்னால் கட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மடித்து ஆட்டோவில் ஏற்றும்போது ஏழுமலை சொன்னார்:

"அங்க ஒண்ணு நின்னா போதும்மா. இங்க என் வலை மீன் புடிக்கும்."

ஆமைக்கு அனுமதி இல்லை

கால்வாயைப் பராமரிக்கும் அலுவலகத்தில் அதிசயமாக மறுப்பு இல்லை. ஒரே நிபந்தனை போட்டார்கள். சேரும் குப்பையை வாரம் ஒருமுறை எடுக்க ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கூப்பிடும் பொறுப்பைக் கரையோரக் குடியிருப்புச் சங்கம் ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். சரி, முதலில் ஊரைத் தயார் செய்வோம் என்று அதே கரையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

தலைமை ஆசிரியை வாசல் வரை வந்து சிரித்த முகமாக வரவேற்றார். முபாரக் போர்வையை விலக்கியதும் சிரிப்பு போய்விட்டது. புதுக் கட்டடத்துக்குப் போன வாரம்தான் ஹோமம் செய்திருக்கிறார்களாம். வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பம் விளங்காது என்பது ஊருக்கே தெரியும், இது பள்ளிக்கூடம் வேறு என்றார். ஃபைபர் என்று தட்டிக் காட்டினேன். ஃபைபரானால் என்ன, உருவம் அதுதானே என்றார். இவர் பாடம் எடுப்பது விலங்கியல். ஆமை சைக்கிள் ஸ்டாண்டில் கோணியைப் போர்த்திக்கொண்டு கிடக்க, நான் வகுப்பறையில் கையை அகட்டி ஆமையின் அளவைக் காட்டிக்கொண்டிருந்தேன். உருவத்தைக் கண்ணில் காட்டாமல் எப்படிப் புரியவைப்பது என்று வெளியே வந்து கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்து, எனக்கு உதவும் நல்லெண்ணத்தோடு சொன்னார்:

"அடுத்த வாட்டி டால்பின் இருந்தா எடுத்துட்டு வாங்க மேடம், அது ராசியான மீன்."

கடல் காவலர் ஊர்வலம்

அடுத்த மாதம் அதே பள்ளியில் ஊர்வலம். என் அலுவலகம் பிள்ளைகளுக்காகப் பேட்ஜ் அனுப்பியிருந்தது. பச்சை ஆமைப் படம், 'கடல் காவலர்' என்ற எழுத்து, கீழே பள்ளியின் பெயர், பின்னால் ஊக்கு. அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது முபாரக் ஒன்றைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்து, இது பிளாஸ்டிக் இல்லையா என்று கேட்டார். லேமினேஷன், மழை பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமையாகப் பதில் சொன்னேன். வரிசையாக நின்ற பிள்ளைகளுக்கு நானே ஒவ்வொன்றாகக் குத்திவிட்டேன்.

ஊர்வலம் கிளம்பும் இடத்துக்கு வந்தபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. தாளாளர் படத்தோடு ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் ஆமை அவருடைய காதளவுக்கு இருந்தது. தெர்மாகோல் மீன்கள். கையில் ஆளுக்கொரு தண்ணீர் பாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலாக, நீல நிற பலூன்கள் ஒரு பந்தலே போடும் அளவுக்கு. கடலின் நிறமாம். விடாதீர்கள் என்று நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் தாளாளர் கையசைத்துவிட்டார், அத்தனையும் மேலே போய்விட்டது, பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஊர்வலம் முடிந்ததும் ஊக்கு பிள்ளைகளைக் குத்திவிடும் என்று பேட்ஜுகளைத் திரும்ப வாங்கி ஒரு மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கும் என்றார்கள். கால்வாயை ஒட்டிய பின்சுவர்தான் அந்த ஸ்டோர் ரூமின் சுவர். நான் அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. பலூன் சண்டையில் இருந்தேன். கடலில் விழும் பலூனை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமை தின்றுவிடும், குடல் அடைத்துச் செத்துப்போகும் என்று விளையாட்டு ஆசிரியரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, விசிலை வாயிலிருந்து எடுத்தார்:

"பலூன் மேலதான மேடம் போச்சு, அது எப்பிடி கடலுக்கு வரும்?"

வசந்தாம்மா மட்டும் கேட்டார்

இந்தப் பக்கத்தில் என் பேச்சை மறுக்காமல் கேட்ட ஒரே ஆள் ஆவடி மார்க்கெட்டில் மீன் நறுக்கும் வசந்தாம்மா. ஆமையைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை. கழுத்து இவ்வளவு நீளமாக இருக்காது, செய்தவன் பார்க்காமலே செய்திருக்கிறான் என்றார். மீன் வயிற்றில் பிளாஸ்டிக் கிடைக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா என்று என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இதைக்கூடவா ஒருத்தி வந்து சொல்ல வேண்டும் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். கையில் இருந்த மீனின் வயிற்றிலிருந்து விரலால் ஒன்றை நோண்டி எடுத்தார். ஏதோ மசாலா பாக்கெட்டின் மூலை, சிவப்பு நிறம்கூடப் போகவில்லை. காசு கொடுக்கக் காத்திருந்தவர் பார்ப்பதற்குள் அது வசந்தாம்மா காலடிச் சாக்கடைக்குள் போய்விட்டது. கத்தியை நிறுத்தாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சொன்னா எவ வாங்குவா? நைசா உருவி இப்பிடி காவாலயே உட்டுருவேன், அது பாட்டுக்கு வந்த ஊட்டுக்கே பூடும்."

கையெழுத்து

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. கால்வாய்க் கரை அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார். ஆமையை நானே வாசலுக்கு வெளியே விட்டுவிட்டேன், பழகிவிட்டது. அப்படியும் முதல் மாடி அம்மா ஒருவர் வாசலில் பூசணிக்காய் உடைக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார். ஏழுமலையின் வலையைத் தரையில் விரித்துக் காட்டினேன். அவர் படகு, கிழிந்த வலை, எல்லாம் சொன்னேன். உங்கள் வேலை வாரம் ஒரு போன், அவ்வளவுதான் என்றேன்.

செயலாளர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். வலையைத் தொட்டுப் பார்த்து, வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் விடவில்லை. இந்தக் குப்பையில் உங்கள் வீட்டுப் பால் கவரும் இருக்கிறது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. படித்த மனிதர், ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாக விளக்கினார்:

"இப்ப அதுவா போயிடுது மேடம். வலையைப் போட்டா இங்கயே நிக்குமே."

முதல் மழை

ஐப்பசியில் பெய்தது. காலையில் முபாரக்கும் நானும் சேக்காட்டுச் சின்னப் பாலத்தின் மேல் குடையோடு நின்றோம். ஏன் போனோம் என்று தெரியவில்லை. கால்வாய் நிறையத் தண்ணீர். தண்ணீர் தெரியாத அளவுக்கு ஊரின் எட்டு மாதச் சரக்கு அதன் மேல் போய்க்கொண்டிருந்தது. தெர்மாகோல் மீன் ஒன்று போனது. தாளாளரின் ஃபிளெக்ஸ், சிரித்த முகத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பாலத்துக்கு அடியில் நுழைந்து போனது. பக்கத்து மாடிகளில் தண்ணீரை வேடிக்கை பார்த்தவர்கள் கால்வாய் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். இறங்கி நானே கட்டட்டுமா என்று கேட்டேன். கேட்டேனே தவிர, இறங்கவில்லை. முபாரக் வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வலை வண்டிலதான் கீதுக்கா. நனையாம தார்ப்பாய் போட்டு மூடி வச்சிகீறேன்."

திருப்பிக் கொடுக்கப் போன நாள்

தை பிறந்ததும் வலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். போகும் வழியெல்லாம் செயலாளரையும் தலைமை ஆசிரியையையும் தாளாளரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஏழுமலையிடம் அதையெல்லாம் அப்படியே ஒப்பிப்பதாகத் திட்டம். குப்பத்து மணலில் ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. ஒரு வருடமாக ஃபைபர் ஆமையைத் தூக்கிச் சுமந்த முபாரக் நிஜ ஆமையை அன்றுதான் பார்த்தார். கழுத்தைப் பார்த்துவிட்டு, வசந்தாம்மா சொன்னது சரிதான் என்றார்.

ஏழுமலை படகு நிழலில் கிழிந்த வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போய்ப் பல நாள் ஆகிறதாம். நான் கொண்டுபோன வலையை வாங்கி ஒரு முனையைப் பிரித்துப் பார்த்தார். ஒரு முறைகூட ஈரம் பட்டிருக்கவில்லை என்று அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போடவில்லை என்று நான் ஆரம்பித்தேன். செயலாளர் இப்படிச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் அப்படிச் செய்தார்கள் என்று கோபம் கோபமாகக் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே எழுந்துபோய்ப் படகுக்குள்ளிருந்து ஒரு கொத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார். பச்சை ஆமைகள், ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கும் என்றார்களே, அவை. ஊக்கோடு ஊக்கு சிக்கி, நாற்பது ஐம்பது இருக்கும். ஊக்குகள் வலைக் கண்ணில் மாட்டி நீளத்துக்குக் கிழித்திருக்கின்றன. மடியில் இருந்தது அந்தக் கிழிசல்தான். 'கடல் காவலர்' என்ற எழுத்தில் ஒரு புள்ளிகூட அழியவில்லை. ஏழுமலை குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே வியந்துதான் சொன்னார்:

"இது உங்க ஆபீஸ் பேட்ஜுதானம்மா? அம்மாந்தூரம் தண்ணில வந்தும் ஒண்ணும் ஆவல, நல்லா கெட்டியா போட்டுகீறீங்க."

ஒரு வருடம் தொண்டை வறளக் கத்தியதில் சேக்காட்டிலிருந்து கடல் வரைக்கும் போய்ச் சேர்ந்த ஒரே விழிப்புணர்வு, நான் என் கையால் ஊக்குக் குத்தி அனுப்பியதுதான்.