லூர்துசாமி அண்ணன் எடுத்த அளவு

கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு என் மகள் செல்வி அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். "ம்மா, திண்டிவனத்து லூர்துசாமி அண்ணன் போய்ட்டாராம்." கூழ்ச் சட்டியைத் தள்ளி வைத்தேன். பதினோரு வருஷமாக நான் அவரோடு பேசியதில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன பைக்குகளை ஆளுக்குத் தக்கபடி மாற்றிக் கட்டிக் கொடுத்தவர் அவர். பெரிய வண்டியைத் தொடவே மாட்டார். "நூறு சிசிதாம்மா நம்ம ஜனத்துக்கு. ஒரு போகம் மல்லாட்ட வெளஞ்சா வித்து வாங்கிடலாம். அறுத்து ஒட்டுனாலும் கோச்சுக்காது" என்பார். மீன் விற்கிற அம்மாவுக்குப் பின்னால் பெட்டி, குள்ளமான வாத்தியாருக்குத் தாழ்ந்த சீட்டு என்று எத்தனையோ செய்தார். ஆளைச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார வைத்து, தையல்காரர் மாதிரி டேப் வைத்துக் கைகாலை அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்ட பிறகுதான் வெல்டிங் பற்றவைப்பார்.

என் வீட்டுக்காரர் விட்டுப்போன வண்டியை அவரிடம்தான் கொண்டுபோனோம். செல்விக்கு வலது கால் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பியது. விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திருவாமாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி இறங்க அவளால் ஆகாது. அண்ணன் அளவெடுத்தபோது நான் வெற்றிலை வாங்கப் போயிருந்தேன்.

பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து, வண்டி அழகாகத்தான் வந்தது. முதல் நாளே வளைவில் பிரேக் மிதிக்கக் கால் எட்டாமல் செல்வி வாய்க்காலில் போய் விழுந்தாள். இடது கை முறிந்தது.

மறுநாள் வண்டியை ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டறை வாசலில் நின்று கத்தினேன்.

"யோவ், கண்ணு அவிஞ்சா பூட்ச்சு? எம்பொண்ணு காலு இன்னா, நீ வெட்டிப் போடற கம்பியா?"

நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "அளவு என் தப்புதாம்மா. வண்டிய வுட்டுட்டுப் போங்க."

பிரேக்கைக் கைக்கு மாற்றித் திருப்பி அனுப்பினார். கை கூடியதும் செல்வி அதில்தான் வேலைக்குப் போனாள். இன்றும் போகிறாள். நான் இறங்கி வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்பிய கேக்கைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். ஒரு கல்யாணத்தில், "நல்லா கீறீங்களாம்மா?" என்று எழுந்து நின்று கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாவுக்குப் போக, செல்வியின் பின்னால் அந்த வண்டியில்தான் உட்கார்ந்தேன். திண்டிவனம் நெருங்கும்போது புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினாள்.

"ம்மா, அளவெடுத்த அன்னிக்கு எதுத்தாப்ல டீக்கடையில பசங்க என்னையே பாத்துக்கினு இருந்தானுங்க. அவரு வலது கால நீட்டச் சொன்னாரு. நான் பொடவைய இழுத்து மூடிக்கினு, ரெண்டும் ஒரே அளவுதாண்ணேன்னு சொல்லிட்டேன். 'நெசமாம்மா?'ன்னு ஒருவாட்டி கேட்டாரு. அப்புறம் கேக்கல."

"அடிப்பாவி, அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ போட்ட சத்தத்துல எப்டிம்மா சொல்றது? அப்புறமா அவர்கிட்டப் போயி அழுதேன். 'இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும், அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒன்ன வைவாங்க'ன்னாரு."

அந்த வாத்தியாருக்கும் மீன்கார அம்மாவுக்கும் தெரிந்திருந்த மனிதரை நான் பதினோரு வருஷமாகத் தெரிந்துகொள்ளவில்லை. யார் என்ன சொன்னார்கள், என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு மறக்காது என்று பெருமை பேசுவேன். நான் வெற்றிலை வாங்கப் போன அந்தக் கால் மணி நேரத்தில் நடந்தது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியை மூடுமுன் கிட்டே போனேன். அவருக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். விரல் இடுக்கில் கிரீஸ் கறுப்பு அப்படியே இருந்தது. அவர் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா நீங்க?" என்று கேட்டார்கள்.

"ஒங்க வீட்டுக்காரர வாசல்ல நின்னு திட்டுனவ" என்றேன். "அளவு அவரு தப்பு இல்லம்மா. எல்லார் முன்னாடியும் திட்டுனேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

பக்கத்தில் நின்ற செல்வி, "நாந்தான் பொய் சொன்னேன்" என்றாள். இதையும் எழுதும்மா என்றவள் அவள்தான்.

போய் வாருங்கள், அண்ணே. நான் யாரையும் லேசில் மன்னித்தவள் இல்லை. இந்தக் கணக்கில் என்னையும் மன்னிக்கப் போவதில்லை.