ஏழாவது ஃபாரம்

என் நாவலின் முதல் பதிப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. இதைச் சொன்னால் எழுதுகிறவர்களுக்கு வயிறு எரியும். எரியட்டும். சொந்தச் செலவில் புத்தகம் போட்டு, வீட்டில் ஒரு கட்டுகூட மிஞ்சாமல் தள்ளிவிட்ட தமிழன் அந்தக் காலத்துப் பெங்களூரில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். எப்படித் தள்ளினீர்கள் என்று கேட்டுக்கொண்டு இன்னமும் யாராவது வருவதுண்டு. காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன். முழுக் கதையையும் சொன்னால் எழுதுவதையே விட்டுவிடுவார்கள். அந்தப் பாவம் எனக்கெதற்கு?

சுதந்திரம் வந்த சமயத்தில் நான் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்தேன். கண்டோன்மெண்டில் ஒரு மில் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம், ஜீவனஹள்ளியில் ஓட்டு வீடு. எங்கள் அப்பா வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கப் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். கல்தூசி நெஞ்சில் படிந்து, மூச்சுக்குத் தவித்துத் தவித்துச் செத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அண்ணனும் அதே குழிக்குள் இறங்கினார். அவர் இறங்கியதால்தான் நான் படித்தேன். என் வெள்ளைச் சட்டைக்கு விலை அவருடைய நெஞ்சுதான். இதை நான் எவரிடமும் அழகாகச் சொல்ல விரும்பவில்லை.

நாவல் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்னப் பத்தி ஒண்ணும் வேணாம்டா. அப்பா செத்தத மட்டும் ஒழுங்கா எழுது. இத்தினி பேரு இப்பிடிச் சாவறாங்க, ஒருத்தன்கூட ஒரு எடத்துல எழுதி வெக்கல. நாளைக்கி அப்பிடி ஒண்ணும் நடக்கவே இல்லன்னு எவனாச்சும் சொல்லிடுவான்."

அப்பா செத்த அன்று நான் ஊரில் இல்லை. நடந்ததை அண்ணன்தான் சொன்னார். அப்பாவுக்குக் கடைசி நேரத்தில் கூரையைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். "காலம் பூரா தல மேல பாறையோட கெடந்தேன், என்ன வெளிய தூக்கிப் போடு" என்றாராம். அண்ணன் அவரைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் சுரங்கத் தொழிலாளர் லயத்து வாசலில் வெறும் தரையில் கிடத்தினார். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா போய்விட்டார். இதற்காகத்தான் நாவலே. முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் இந்தப் பதினாறு பக்கத்துக்குப் போட்ட பந்தல்.

மெட்ராஸில் இரண்டு பதிப்பாளர்களுக்குக் கைப்பிரதியை அனுப்பினேன். ஒருவர் காதல் போதவில்லை என்றார். இன்னொருவர், "உங்கள் பாத்திரங்கள் பேசும் தமிழில் கன்னட வாடை வீசுகிறது" என்று எழுதினார். பெங்களூர்த் தமிழனின் வாயில் காவிரிக்கரைத் தமிழா வீசும்? சீட்டுப் பணத்தை என் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்க, எவன் தயவும் வேணாம்" என்றாள் என் மனைவி.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சிறிய தமிழ் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும்தான் அங்கே பிழைப்பு. அந்த வருஷம் அதிசயமாக இரண்டு புத்தகங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒன்று என் நாவல். மற்றொன்று, காக்ஸ் டவுனில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை அம்மாள் எழுதிய ஊறுகாய், வடாம் செய்முறை. இரண்டும் ஒரே அளவு, ஒரே காகிதம், ஒரே எழுத்து.

அச்சகத்தில் எழுத்துகள் குறைவு. அதனால் ஒரு ஃபாரம் கோத்து, அதாவது பதினாறு பக்கம், புரூஃப் பார்த்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்த ஃபாரம் கோப்பார்கள். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் பொடியாக ஓர் எண் இருக்கும். பைண்டர் அந்த எண்ணைப் பார்த்து வரிசையாக அடுக்கித் தைத்துவிடுவார். புத்தகத்தின் பெயரையும் எண்ணுக்குப் பக்கத்தில் போடுவது நல்ல அச்சகங்களின் வழக்கம். எங்கள் அச்சகத்தில் எண் மட்டும்தான்.

ஆபீஸ் விட்டதும் ஓடுவேன். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் மூன்று புரூஃப் பார்த்தேன். அப்பா சாகும் ஃபாரத்தைப் பார்க்கும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது; அச்சக முதலாளி தன் துண்டைக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். கடைசியில் புத்தகம் கட்டாகி வந்தபோது அட்டையைப் பார்த்தேன், என் பெயரைப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். உள்ளே ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மூன்று தடவை படித்தாயிற்றே. பெற்ற பிள்ளைக்கு முகத்தைத்தான் பார்ப்பார்கள், விரலையா எண்ணுவார்கள்?

வெளியீட்டு விழாவும் வைத்தேன். தலைமை தாங்க ஊரில் பேர்போன பேச்சாளர் ஒருவரைப் பிடித்து, ஒரு வாரம் முன்னதாகவே பிரதியை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு மணி நேரம் முழங்கினார். "தந்தை மரணமடையும் அந்தக் கட்டத்தைப் படித்தபோது, தோழர்களே, நான் கதறிவிட்டேன்! கண்ணீரில் புத்தகம் நனைந்துவிட்டது!" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கைதட்டிய கூட்டம் போண்டாவைத் தின்றுவிட்டுப் போனது. வாங்கினவர்கள் என் ஆபீஸ்காரர்கள் மட்டும். பெட்டி பெட்டியாகப் புத்தகம் கட்டிலடியில் கிடந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்த நாளில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஐயர் இல்லை, ஹோமம் இல்லை. மேடை போட்டு நாலு பேர் பேசி, மாலை மாற்றி முடித்துவிடுவார்கள். அந்தக் கல்யாணங்களுக்குக் குத்துவிளக்கும் வெற்றிலைத் தட்டும் எடுத்துப்போவது பிற்போக்கு. புத்தகம் கொடுப்பதுதான் நாகரிகம். கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். அச்சகத்தில் ஒரு தனித்தாள் அடித்தேன். 'மணமக்களுக்கு அன்புப் பரிசு' என்று மேலே, கொடுப்பவர் பெயர் எழுதக் கீழே ஒரு கோடு, ஓரத்தில் இரண்டு மாலைகள். அதை முன்னால் ஒட்டி, ரோஸ் நிறக் காகிதத்தில் சுற்றி, சரிகை நூல் கட்டி, கல்யாண மண்டப வாசலிலேயே போய் நின்றேன்.

"கல்யாண ஊட்ல எழவுக் கதையக் குடுக்கறீங்களே, வெளங்குமா?" என்றாள் மனைவி.

"பிரிச்சிப் படிச்சாத்தானே தெரியும்" என்றேன் வேடிக்கையாக. என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

விற்றது ஐயா, விற்றது. அவசரத்தில் வெறும் கையோடு வந்தவனெல்லாம் வாங்கினான். எட்டணா மொய் எழுதவேண்டிய இடத்தில் புத்தகம் கொடுத்துக் கௌரவமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான். வைகாசியிலும் ஆவணியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் தங்கமாட்டேன். தையோடு எல்லாம் தீர்ந்தது. ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஏழெட்டுப் பிரதி சேர்ந்ததும் உண்டு. அவற்றை அவன் என்ன செய்வான் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்குத்தான் கொடுப்பான், வேறென்ன?

அண்ணனுக்கு முதல் பிரதியே போய்விட்டது. அட்டைக்கு மஞ்சள் தடவி டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். "எழுத்துக் கூட்டிப் படிச்சா அப்பாவ மெதுவா சாவடிக்கற மாதிரி இருக்கும். நீ வந்து படிச்சிக் காட்டு" என்றார். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே கல்யாண மண்டபங்களில் நின்றேன்.

மறுவருஷம் அவரே வந்தார். அப்பாவின் அதே இருமல், அதே விலா எலும்பு. இங்கே பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் கையை விரித்தார். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்கவைத்தேன். தன் பிரதியைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். "இப்பவாச்சும் படிடா" என்றார்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். என்ன அழகாகக் கேட்டார்! யார் யார் என்று அடையாளம் கண்டு சிரித்தார். "அவன் மெய்யாலுமே அப்பிடித்தான் பேசுவான்" என்று இருமலுக்கு நடுவில் தொடையைத் தட்டினார். அத்தனை கல்யாணத்தில் கிடைக்காத வாசகர் என் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். ஒருநாள் மாலை, அப்பாவின் சாவு தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன். "நாளைக்கித் தெம்பா உக்காந்து கேக்கறேன்" என்றார் அண்ணன்.

மறுநாள் புத்தகத்தை ஆபீசுக்கு எடுத்துப்போனேன். அழாமல் படிக்கவேண்டுமே, ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். சாப்பாட்டு வேளையில் பிரித்தேன். ஆறாவது ஃபாரத்தின் கடைசி வரி இப்படி முடிகிறது: 'அண்ணன் குனிந்து அப்பாவை'. பக்கத்தைத் திருப்பினேன். 'சுருள் சுருளாக நறுக்கி, உள்ளே உப்பைத் திணித்து, ஜாடியில் அடுக்கவும்' என்று இருந்தது. உப்பு நார்த்தங்காய். அதற்குப் பிறகு எலுமிச்சை, மாவடு, கூழ்வடாம். பதினாறு பக்கம். எட்டாவது ஃபாரத்தில் அப்பாவைப் புதைத்து முடித்துவிட்டிருந்தார்கள்.

என்னுடன் வேலை செய்த ஒருவரிடம், அவர் கல்யாணத்துக்கு நானே கொடுத்த பிரதி இருந்தது. அவர் வீடு பக்கத்துத் தெரு. போய்க் கேட்டேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். ரோஸ் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. நானே பிரித்தேன். அதிலும் நார்த்தங்காய்.

அச்சக முதலாளி என்னைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ரெண்டு புக்கும் ஒண்ணா பைண்டிங் போச்சி சார். ஏழு நம்பர் கட்டு ரெண்டும் மாறிப்போச்சி. உங்குது ஊறுகாய்ல போய்ட்சி, அவங்குது உங்குதுல வந்துட்சி."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அந்த மேடம் புக்கு வந்த மொத வாரமே கலாட்டா சார். நாலஞ்சி பொம்பளைங்க வந்துட்டாங்க. நார்த்தங்கா எங்கய்யா, நடுவுல எவனோ சாவறானே, காசத் திருப்பிக் குடுன்னு. ஒடனே எல்லாத்தையும் பிரிச்சி, அந்த ஃபாரத்த மறுபடி அடிச்சிக் குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் தலையைச் சொறிந்தார். "உங்க புக்குக்கு ஒரு கம்ப்ளைண்டும் வரலியே சார். ஜோரா விக்குதுன்னு வேற சொன்னீங்க. சும்னே எதுக்குக் கெளப்பணும்னு உட்டுட்டேன்."

பிரித்தெடுத்த என் தாள்கள் எங்கே என்று கேட்டேன். மளிகைக்கடைக்குப் பொட்டலம் கட்டப் போய்விட்டன. கைப்பிரதி? அதுவும் எப்போதோ கழிவோடு போயிற்று. அப்பாவின் சாவில் யாரோ கடுகும் வெந்தயமும் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

தெருவில் நடக்கும்போது விழாத் தலைவர் ஞாபகத்துக்கு வந்தார். கதறினாரே, எந்தப் பக்கத்தைப் படித்துக் கதறினார்? வெங்காயமாவது இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். உப்பு நார்த்தங்காய்க்கு வெங்காயம்கூடப் போடுவதில்லை. இத்தனை பிரதி விற்றும், ஊறுகாயைக் கண்ட ஒரு கண் இல்லை. அந்த அம்மாள் புத்தகத்தை நாலு பெண்கள் படித்தார்கள். கையில் கரண்டியோடு வரிவரியாகப் படித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, பொறாமைதான். என் அப்பா செத்ததைப் படித்தவர்களும் இந்த ஊரில் அவர்கள் மட்டும்தான். அவர்களும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, தலை சீவி, சலவைச் சட்டை போட்டிருந்தார். என் மனைவி பின்னால் தலையணை வைத்திருந்தாள்.

"இன்னிக்கி அப்பாதானே?" என்றார்.

புத்தகத்தைத் திறந்தேன். நார்த்தங்காயைப் பார்த்துக்கொண்டு அப்பாவைப் படித்தேன். நான் எழுதிய நல்ல வாக்கியம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அண்ணன் அன்றைக்கு எனக்குச் சொன்ன வார்த்தைகள்தான் வந்தன. கூரை வேண்டாம் என்றார். தூக்கிக்கொண்டு போனார். வெறும் தரையில் கிடத்தினார். ஆகாயத்தைப் பார்த்தார். நடுநடுவே பக்கத்தைத் திருப்பவும் மறக்கவில்லை. மாவடு வந்தது, கூழ்வடாம் வந்தது. கதவோரம் நின்ற என் மனைவிக்கு எங்கேயோ புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முடித்ததும் அண்ணன் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுக்கப் பயமாக இருந்தது. எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் அல்லவா? ஆனால் அவர் படிக்கவில்லை. கண் நிறைய நீர். திறந்த பக்கத்தை அப்படியே முகத்தோடு சேர்த்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"அச்சுல வந்துட்சி இல்ல," என்றார். "இனிமே நடக்கலன்னு எவனும் சொல்ல முடியாதுடா."