“உமக்கு இதிலை என்ன குறையுது?”

சாவுச் செய்தியை அக்காதான் கொண்டுவந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்த காலை. கதவைத் திறந்தால், அத்தானின் பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். “தம்பி, குணமண்ணை மோசம் போயிட்டாராம்,” என்றார்.

குணமண்ணை யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞராக இருந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ரொறன்ரோவில் ஒரு யூத வழக்கறிஞரின் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைதான் கிடைத்தது. அந்த யூதர் மதிய இடைவேளைகளில் தங்கள் பழைய சட்டநூலான தல்மூதைப் படிப்பவர். அதைத் தனியே படிக்கக்கூடாதாம், மறுத்துப் பேச ஓர் ஆள் வேண்டுமாம். மறுத்துப் பேச குணமண்ணையை விட்டால் வேறு ஆள் ஏது? ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு இருவரும் இருபது வருடத்துக்கு மேல் வாதாடினார்கள். ஓய்வுபெற்ற பின் எங்கள் ஆட்களின் காணிச் சண்டை, வீட்டுச் சண்டைகளை அந்த முறையில்தான் அவர் விசாரித்தார்.

நானும் அப்படி ஒரு சண்டையோடு போனவன்தான். மோர்னிங்சைட்டில் சுவரோடு சுவர் ஒட்டிய ஒரே வரிசையில் அப்பா எங்களுக்கு இரண்டு வீடுகளை விட்டுப்போனார். நாலாம் இலக்கம், ஏழாம் இலக்கம். அக்கா ஏற்கெனவே மூன்றாம் இலக்கத்தில் இருந்தார். பாரிசவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்த அத்தானுக்கு, அனுமதி எடுத்து நடுச்சுவரைத் திறந்து கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுக்கலாம் என்று, தன் பங்காக நாலாம் இலக்கத்தைக் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

“உமக்கு இதிலை என்ன குறையுது?” என்று கேட்டார் குணமண்ணை. பிறகு தல்மூதிலுள்ள வழக்கைச் சொன்னார். தகப்பனின் வயல்களைச் சகோதரர்கள் பிரிக்கிறார்கள். ஒருவன் தன் சொந்த வயலை ஒட்டிய பங்கைக் கேட்கிறான். அவனுக்கு நன்மை, மற்றவர்களுக்கு நட்டமில்லை, மறுப்பது வெறும் பிடிவாதம், ஆகவே கொடுக்க வைக்கலாம் என்கிறார் ஓர் அறிஞர். இன்னொருவர், அந்த நிலம் மற்றதைவிடத் திறமானது என்று மற்றவர்கள் சொன்னால் கட்டாயப்படுத்த முடியாது என்கிறார்.

நான் இரண்டாமவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “அப்ப நானும் அதைத்தான் சொல்லுறன்!”

“நல்லது. நாலாம் இலக்கம் எதிலை திறம்? சொல்லும்.”

இரண்டு வீடும் ஒரே அளவு, ஒரே மாதிரிச் சமையலறை, ஒரே மதிப்பு. எனக்கு அவர்மேல் பொல்லாத எரிச்சல் வந்தது. “அக்கா என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை அண்ணை! லோயரை விட்டுக் கடிதம் போட்டவ!” என்று கத்தினேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “உம்மடை நோவு உண்மை. ஆனா அது வீட்டிலை உள்ள குறை இல்லை. பங்குப் பத்திரத்திலை அதை எழுதாதேயும். உம்மடை அக்காட்டைப் போய்ச் சொல்லும்.”

கோபத்தில் இரண்டு வாரம் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போனபோது, அத்தான் முன்கதவுக்குப் பக்கத்தில், வருகிறவன் போகிறவன் பார்க்கக் கட்டிலில் கிடந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னேன். அக்கா அழுதார். “நேரை கேட்டால் நீ மாட்டன் எண்டு சொல்லிப்போடுவாய் எண்ட பயத்திலைதான்ரா லோயரை விட்டனான்,” என்றார். அந்த வாரமே கையெழுத்துப் போட்டேன். ஏழாம் இலக்கத்துக்கு நான் குடிவந்தேன்.

இறுதிச் சடங்குக்கு அந்த யூத வழக்கறிஞர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். “ஒரு நாள்கூட அவர் என்னோடு ஒத்துப்போனதில்லை,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

யார் எதைக் கேட்டாலும் எனக்கு இன்றும் முதலில் வாயில் வருவது ‘மாட்டேன்’தான். அதற்குப் பின்னால் குணமண்ணையின் கேள்வியும் வந்துவிடுகிறது, அவர் குரலிலேயே. அன்று காலை அக்கா அந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நாலு வாசல் தள்ளி, பனிக்குள் நடந்து வந்து நேரில் சொன்னார்.