கைதி வாய் திறக்கவில்லை

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் பிளானோ நகரில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பள்ளியில் மெழுகுச் சிலைக் கண்காட்சி வைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ஆள் ஒருவராக வேஷம் போட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். பார்க்க வருபவர் முன்னால் ஒட்டியிருக்கும் காகிதப் பொத்தானை அழுத்தினால், சிலைக்கு உயிர் வந்து தன் கதையைச் சொல்லும். மற்றவர்களுக்குத் தளபதி, ஜனாதிபதி, ஜனாதிபதியின் மனைவி என்று அமைய, சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது ஒரு சாதாரணச் சிப்பாய். நான் பெண் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவன் பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, முதல் சண்டையிலேயே பிடிபட்டு, பத்து மாதம் சிறை முகாமில் சோளமாவைத் தின்று கிடந்த போர்க்கைதி.

அவன் கதையை இரண்டு வாரம் வீட்டில் உருப்போட்டேன். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே அம்மாவும் காதில் வாங்கிக்கொள்வாள். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். அப்பாவின் பழைய சட்டையை வெட்டி, முழங்கையில் வேண்டுமென்றே கிழித்து, சிப்பாய்ச் சட்டை தைத்துக் கொடுத்ததும் அவள்தான். ஆனால் பெற்றோரை அழைத்துப் பள்ளி அனுப்பிய கடிதத்தை நான் அவளுக்குக் காட்டவில்லை. அவள் வரக் கூடாது என்றுதான்.

எப்படியோ என் பையில் அதைப் பார்த்திருக்கிறாள். அப்பா ஆபீஸில், அவளுக்கோ கார் ஓட்டத் தெரியாது. நடைபாதைகூட இல்லாத சாலையோரமாக நடந்தே வந்துவிட்டாள். பட்டுப்புடவை, அதன் மேல் அப்பாவின் ஜெர்கின், காலில் வெள்ளை ஷூ, வியர்வையில் வழிந்த குங்குமம். பக்கத்தில் நின்ற ஜனாதிபதியின் மனைவி களுக்கென்று சிரித்தாள். அம்மா நேராக என்னிடம் வந்து பொத்தானை அழுத்தினாள்.

நான் பேசவில்லை. இவள் யாரோ என்பதுபோல் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். மறுபடி அழுத்தினாள். டீச்சரும் இரண்டு மூன்று பெற்றோரும் வந்து நின்றார்கள்.

"மறந்துருச்சா கண்ணு? நான் எடுத்துக் குடுக்கறேன், புடிச்சுக்கோ" என்றாள் மெல்ல.

முதல் வரியைச் சொன்னாள். நான் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டாவதைச் சொன்னாள். என் மார்க் போய்விடக் கூடாதே என்று, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, அந்தச் சிப்பாயின் பசியையும் சீக்கையும், அவன் தாய்க்கு எழுதிப் போய்ச் சேராத கடிதத்தையும் தன் கோயம்புத்தூர் ஆங்கிலத்தில் கடைசிவரை அவளே ஒப்பித்தாள். யாரோ கைதட்டினார்கள். எனக்கு அதுவும் அவமானமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நினைத்துத்தான் கூசுகிறது.

சாயங்காலம் அப்பா எப்படி நடந்தது என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை பிசகாம சொன்னா" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல் தட்டில் தோசையை வைத்தபடி.

நான் மறந்துபோனதாகவே நம்பிவிட்டாள், தப்பித்தேன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். இரண்டு வாரம் ஓரிடத்தில்கூடத் தடுக்காமல் சொன்ன கதை எனக்கு மறக்காது என்பது, கூடவே கேட்டு மனப்பாடம் செய்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த வயதில் அது உறைக்கவில்லை.