முருகனிடம் விட்டுவந்த தாளம்

மகளின் அரங்கேற்றத்துக்கு முதல்நாள், அவளுடைய சலங்கையோடு நடன ஆசிரியையின் கைத்தாளத்தையும் கேட்டு வாங்கிவந்து சாமியறையில் வைத்துப் பூசை செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. பக்தி முற்றியிருந்தது. மறுநாள் மண்டபத்தில் பையைத் திறந்தால் சலங்கை மட்டும் இருந்தது. பித்தளைத் தாளம் மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டில், பூவும் பொட்டுமாக, முருகனுக்கு முன்னால்.

"இஞ்சேருங்கோ, தாளம் எங்க?" என்றாள் மனைவி.

"சாமியறையில."

"அப்ப முருகனையே வந்து ஆடச் சொல்லுங்கோ."

ஆசிரியை தாளம் தட்டாமல் ஆட்டம் தொடங்காது. வீட்டுக்குப் போய்வர நேரமில்லை, கதிரைகள் நிரம்பிவிட்டன. உள்ளே மகள், மை கலையாமல் அழுவது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தாள். நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் அங்குமிங்கும் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் அன்ரி மேடையிலிருந்து இறங்கி வந்தார். நாங்கள் வந்து குடியேறிய இந்த மண்ணின் பூர்வகுடிப் பெரியவர். எங்களை வரவேற்றுப் பாட அழைத்திருந்தோம். எங்கள் சனத்தைப்போலவே அவர்களுக்கும் மூத்த பெண் என்றால் அன்ரிதான். இரண்டு கடுமரக் கோல்களை ஒன்றோடொன்று தட்டித்தான் அவர் பாடினார். அந்த ஓசை கடைசி வரிசைவரை போயிருந்தது. வெட்கத்தை விட்டு, அந்தக் கோல்களை இரவல் கேட்டேன்.

"இல்லை மகனே," என்று ஆங்கிலத்தில் சிரித்தார். "இவை எங்கள் குடும்பத்துப் பாட்டுக்கு உரியவை. வேறு பாட்டுக்குப் போகாது." என் முகம் போன போக்கைக் கண்டிருப்பார். "ஆனால் எங்கள் ஆட்டத்திலும் எல்லோருடைய காலையும் சேர்த்து வைப்பது இந்தத் தட்டுத்தான். குசினி எங்கே?"

குசினியில் சமையல்காரத் தம்பிமார் பூரி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அன்ரி அங்கிருந்த மரச்சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதுகொடுத்தார். அகப்பைகள் தேறவில்லை. இரண்டு பூரிக்கட்டைகள் கணீரென்றன. அவற்றை என் கையில் தந்தார். நான் தட்ட, சத்தம் செத்து விழுந்தது.

"கழுத்தை நெரிக்காதே. கீழே இருக்கும் கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடக்கவிடு. மரம் பேசும்."

விட்டேன். பேசியது.

"அண்ணை, அப்ப பூரியை நான் என்னத்தால தேய்க்கிறது?" என்றான் ஒரு தம்பி.

"போத்தலால தேயும்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். இந்த முறை எங்கே ஓடுகிறேன் என்று தெரிந்திருந்தது.

ஆசிரியை கட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கட்டைகளைப் பார்த்த பார்வை பரவாயில்லை. ஆனாலும் வாங்கித் தட்டினார். முதல் அடவிலேயே மகளின் கால் வந்து அந்தத் தட்டில் பொருந்தியது. என் மூச்சும் திரும்பி வந்தது. முன்வரிசையில் அன்ரி தொடையில் தட்டியபடி இருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் மகள் ஆசிரியையை வணங்கிவிட்டு, நேரே வந்து அன்ரியின் காலில் விழுந்தாள்.

"என்ன தொலைத்துவிட்டாய், கண்ணே?" என்று அவரும் குனிந்து தேடத் தொடங்கினார்.

தேடவேண்டாம், இதுதான் எங்கள் நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தேடுவதை விடவில்லை. வேறு வழியில்லாமல் நானும் விழுந்தேன். வேட்டி தடுக்கியதில் எழும்ப முடியவில்லை. அதற்கும் அன்ரிதான் கைகொடுத்தார்.