கடலைச் சட்டியில் கிடைத்த கனிமம்

அறுபதுகளில், அபூர்வக் கனிமம் தேடி அந்தமானுக்கு வந்த ஒல்லி ஆபீசர் அவர். தோளில் எந்நேரமும் ஒரு பெட்டி. கனிமம் இருந்தால் அது படபடக்குமாம். தீவுக் கரையெல்லாம் நடந்தும் பெட்டி வாய் திறக்கவில்லை. சாத்தம் படகுத்துறையில், என் கடலை வண்டியருகே வந்ததும் பொரிந்து தள்ளியது.

"மில் கயா! கிடைச்சாச்சு!" என்று துள்ளினார். "சட்டியில இருக்கிறது எந்தக் கரை மண்ணு?"

"எங்க ஊரு மணவாளக்குறிச்சி மண்ணு சாரே. இங்க உள்ள சிப்பி மண்ணுல கடலை சரியா வறுபடாது. அதான் மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல கொண்டாந்தேன்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. எங்க ஊர் மண்ணில் அந்தக் கனிமம் இருப்பது முன்பே தெரிந்த சங்கதியாம். ஆனாலும் ஊர் திரும்பும்வரை தினமும் வந்தார். ஒரு கடலைகூட வாங்கியதில்லை. பெட்டியைச் சட்டியருகே வைத்துக் கண்மூடிக் கேட்பார்.

"பாவம், எத்தனை நாள்தான் வாயை மூடிக்கிட்டிருக்கும்? கொஞ்சம் பேசட்டும்" என்பார்.

ஏனென்று தெரியாமல் நானும் மண்ணைக் கிளறிக் கொடுப்பேன்.